பெத்த வயிறு கேக்குற கேள்விகள்: வாசகர் லெட்டர்கள், அக்கா பதில்கள்

போன இதழ்ல ஒரு வாசகிக்கு பதில் சொல்லும்போது, 19 வயசுல நான் ஒரு பொண்ணைப் பெத்து அஞ்சு நாள் கையில வெச்சிருந்துட்டு தத்து கொடுத்ததையும், 28 வருஷம் கழிச்சு அவளே என்னைத் தேடி வந்ததையும் நாலு வரியில எழுதியிருந்தேன். இதையெல்லாம் பத்திரிகையில எழுதலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சுட்டுதான் எழுதுனேன். அதுக்கு வந்த லெட்டர்கள் இப்போ மேஜை மேல இருக்கு. பாதிக்கு மேல பேர் இல்லாத லெட்டர். ஒண்ணு பாதி வாக்கியத்துல நின்னுபோச்சு, முடிக்க முடியல போல, அப்படியே போஸ்ட் பண்ணிட்டாங்க. அதனால இந்த தடவை வேற கேள்வி எதுவும் எடுக்கல. யாரோட பேரும் ஊரும் போடல.

கேள்வி: அக்கா, எனக்கு 52 வயசு. கல்யாணத்துக்கு முன்னாடி 21 வயசுல ஒரு பொண்ணு பொறந்தா, தத்து கொடுத்துட்டோம். போன மாசம் ஏஜென்சி மூலமா அவ லெட்டர் வந்திருக்கு. தொந்தரவு பண்ண மாட்டேன், நல்லா இருக்கீங்களான்னு தெரிஞ்சா போதும்னு எழுதியிருக்கா. என் வீட்டுக்காரருக்கும் ரெண்டு பசங்களுக்கும் எதுவும் தெரியாது. லெட்டரை பீரோவுல துணிக்கு அடியில வெச்சிருக்கேன், யாரும் இல்லாதப்ப எடுத்துப் படிக்கிறேன், மனப்பாடமே ஆயிடுச்சு. பதில் போட்டா குடும்பம் போயிடுமோன்னு பயம். போடலன்னா அவ போயிடுவாளேன்னு பயம்.

பதில்: தங்கச்சி, உங்க மனசுல ரெண்டு வேலை ஒண்ணா சேர்ந்து முடிச்சு விழுந்து கிடக்கு. அவளுக்கு பதில் போடறது ஒண்ணு, வீட்டுல சொல்றது இன்னொண்ணு. ரெண்டையும் ஒரே நாள்ல செய்யணும்னு யாரும் சொல்லல. வீட்டுல சொன்னப்புறம்தான் அவளுக்கு எழுதணும்னு காத்திருந்தீங்கன்னா மாசம் ஓடிடும், அந்தப் பக்கம் அவ தினம் தபாலைப் பாத்துட்டு உக்காந்திருப்பா. பதில் வராத ஒவ்வொரு நாளும் அவளுக்கு மறுபடி ஒரு தடவை வேணாம்னு சொன்ன மாதிரி. நீங்க அப்படி நினைக்கலன்னு எனக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்?

அதனால இந்த வாரமே நாலு வரி எழுதுங்க, அதே ஏஜென்சி மூலமா. லெட்டர் கிடைச்சுது, நான் நல்லா இருக்கேன், உன்னை மறக்கல, எனக்கு வீட்டுல பேசறதுக்கு கொஞ்சம் நேரம் வேணும், இன்ன மாசத்துக்குள்ள மறுபடி எழுதறேன். அவ்வளவுதான். இதுல ஒரு வரி முக்கியம், மறுபடி எப்போ எழுதுவேன்னு சொல்றது. சொன்ன தேதிக்குள்ள கண்டிப்பா எழுதணும், எழுத விஷயம் இல்லன்னா விஷயம் இல்லன்னாவது எழுதணும்.

வீட்டுல சொல்றதைப் பத்தி. நான் என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னது ராத்திரி லைட் அணைச்சப்புறம், மூஞ்சியைப் பாத்துச் சொல்ல தைரியம் இல்ல. அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, தூங்கிட்டாரோன்னு நினைச்சேன், அப்புறம் அந்த இருட்டுலயே "இத்தனை வருஷமா இதைத் தனியா தூக்கிட்டு இருந்தியா"ன்னு கேட்டார். எல்லார் வீட்டுலயும் இப்படி நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் பேசாத புருஷனும் இருக்காங்க, எனக்கு வந்த லெட்டர்லயே இருக்கு. பெரும்பாலும் அவங்க கோவப்படறது குழந்தை பொறந்ததுக்கு இல்ல, இவ்வளவு நாள் மறைச்சதுக்கு, அதனால முதல்ல மறைச்சதுக்கு மன்னிப்பு கேளுங்க. பொண்ணைப் பெத்ததுக்கு மன்னிப்பு கேக்காதீங்க.

அப்புறம் இன்னொண்ணும் சொல்லணும். இந்தக் காலத்துல ரகசியம் உங்க கையில மட்டும் இல்ல. டிஎன்ஏ டெஸ்ட் பாத்தா பெத்தவங்களுக்கும் பிள்ளைக்கும் பாதி ஒத்துப்போகும், ஒரே அம்மா வேற அப்பாவுக்குப் பொறந்தவங்களுக்கு கால் பங்கு, சித்தி பெரியம்மா பசங்களுக்குள்ள எட்டுல ஒரு பங்கு. நீங்க டெஸ்ட் எடுக்கவே வேணாம், உங்க அக்கா பையன் சும்மா ஆசைக்கு ஒண்ணு எடுத்துப் போட்டா போதும், உங்க பொண்ணும் அதே கம்பெனியில எடுத்திருந்தா ரெண்டு பேருக்கும் சொந்தம்னு வந்து நிக்கும். அப்படி உங்க பசங்க காதுக்குப் போறதை விட உங்க வாயால போறது எவ்வளவோ மேல். பசங்க பெரியவங்க ஆயிட்டாங்கல்ல, தாங்குவாங்க.

கேள்வி: குழந்தையைத் தத்து கொடுத்து 9 வருஷம் ஆச்சு அக்கா. அப்புறம் கல்யாணம் ஆகி ஒரு பையனும் இருக்கான். ஆனா வருஷா வருஷம் அந்த மாசம் வந்தா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி ஆயிடுது, மார் வலிக்குது, ஒண்ணும் இல்லாததுக்கு அழுகை வருது. டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டார். அம்மா, முடிஞ்சுபோனதை ஏன் நினைக்கிறன்னு திட்டறாங்க. எனக்கு என்ன ஆச்சு?

பதில்: உனக்கு ஒண்ணும் ஆகல மா. உனக்கு ஒரு குழந்தை பொறந்துச்சு, அது உன் கூட இல்ல. உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியும்.

எனக்கு மூணாம் நாள் பால் கட்டிக்கிச்சு. யாரும் முன்னாடியே சொல்லி வைக்கல, எனக்கும் 19 வயசுல என்ன தெரியும். பிரசவத்துல நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் பாலைத் தடுத்து வெச்சிருந்த ப்ரொஜெஸ்டிரான்ங்கற ஹார்மோன் சட்டுனு இறங்கிடும், பால் சுரக்க வைக்கற ப்ரோலாக்டின் மேலயே நிக்கும், ரெண்டு மூணு நாள்ல பால் வந்துடும். குழந்தை பக்கத்துல இருக்கா, யாருக்காவது கொடுக்கப் போறாங்களா, பேப்பர் ரெடியா, இதெல்லாம் அந்த ஹார்மோனுக்குத் தெரியாதுல்ல. என் குழந்தையை அந்த அஞ்சு நாளும் குளிப்பாட்டி பாட்டில் பாலோட கொண்டு வந்து கொடுத்தாங்க, நான் பாட்டிலைப் பிடிச்சுட்டு இருப்பேன், அவ குடிக்கக் குடிக்க என் சட்டை முன்பக்கம் நனையும். ஆறாம் நாள் அவ இல்ல. சட்டை நனையறது மட்டும் இன்னும் பத்து பன்னெண்டு நாள் நிக்கல. இதை நான் யாருகிட்டயும் சொன்னது இல்ல, இப்போதான் எழுதறேன், நீ கேட்டதால.

ஒரு விஷயம் படிச்சப்ப நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டு வெளிய போய் நின்னுட்டேன். கர்ப்பத்துல குழந்தையோட செல்கள் கொஞ்சம் அம்மா ரத்தத்துக்குள்ள வந்துடுமாம். 1996ல டயானா பியாங்கினு ஒரு டாக்டரும் கூட இருந்தவங்களும் ஆம்பளப் பிள்ளை பெத்த பொம்பளைங்க ரத்தத்தைச் சோதிச்சுப் பாத்தாங்க. ஒருத்தங்களுக்கு பிரசவம் ஆகி 27 வருஷம் கழிச்சும் பிள்ளையோட ஆண் செல்கள் ரத்தத்துல இருந்துச்சு. உன் வலிக்கு அதுதான் காரணம்னு நான் சொல்ல வரல, அப்படி யாரும் நிரூபிக்கல. ஆனா முடிஞ்சுபோச்சுன்னு அம்மா சொல்றாங்கல்ல, உடம்பைப் பொறுத்தவரை அது சரியில்ல, அவ்வளவுதான்.

இந்த துக்கத்துக்கு ஒரு பேரும் இருக்கு. கென்னத் டோக்கானு ஒருத்தர் 1989ல இதைப் பத்தி ஒரு புத்தகமே கொண்டு வந்தார், ஊர் உலகம் துக்கம்னு ஒத்துக்காத துக்கம். யாராவது செத்துப்போனா நாலு பேர் வருவாங்க, உக்காருவாங்க, அழ விடுவாங்க. நமக்கு யார் வந்தா? அதுக்கு மேல நம்ம குழந்தை சாகவும் இல்ல. எங்கேயோ இருக்கு, வளருது, பல்லு விழுது, பரீட்சை எழுதுது. ஆள் இருந்தும் கிட்ட இல்லாத இந்த மாதிரி இழப்பைப் பத்தி பாலின் பாஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் வாழ்க்கை முழுக்க ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. இதுல துக்கம் முடியறது கஷ்டம், ஏன்னா முடிவுன்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரியலயேன்னு சொல்றாங்க.

அந்த நாளை மறக்கப் பாக்காத மா. வருஷத்துல ஒரு நாள் லீவு எடு. நான் 28 வருஷமும் அன்னிக்கு ஒரு லெட்டர் எழுதுவேன், அனுப்ப அட்ரஸ் இல்லன்னாலும் எழுதுவேன். உன் வீட்டுக்காரருக்குத் தெரியும்னா அவரைப் பக்கத்துல உக்காரச் சொல்லு, ஆறுதல் எதுவும் சொல்ல வேணாம், சும்மா உக்காந்தா போதும். அழுகை மாசக்கணக்கா நிக்காம தூக்கம் சாப்பாடு போச்சுன்னா, இல்ல உயிரோட இருக்கணுமான்னு ஒரு நினைப்பு வந்துச்சுன்னா, அன்னிக்கே மனநல டாக்டரைப் பாரு, எதுக்குன்னு மறைக்காம சொல்லு.

கேள்வி: தத்து பேப்பர்ல நான்தான் கையெழுத்து போட்டேன். யாரும் கையைப் பிடிச்சுப் போட வைக்கல. அப்புறம் எனக்கு அழறதுக்கு என்ன உரிமை இருக்கு?

பதில்: கையைப் பிடிக்கல சரி. வேற வழி இருக்குன்னு யாராவது சொன்னாங்களா? குழந்தையோட போக ஒரு இடம், ஆறு மாசத்துக்குப் பணம், கூட நிக்க ஒரு ஆள், இதுல ஒண்ணாவது காட்டுனாங்களா? எந்த நாள் போட்டீங்க, மயக்க மருந்து தெளிஞ்சிருந்துச்சா? நீங்க எழுதல, ஆனா எனக்குத் தோணுது.

இதையெல்லாம் யோசிச்சுதான் 1993ல ஹேக் ஒப்பந்தத்துல எழுதி வெச்சாங்க. நாடு விட்டு நாடு தத்து போகணும்னா அம்மாவோட சம்மதம் குழந்தை பொறந்தப்புறம்தான் வாங்கணும், விளைவு என்னன்னு எடுத்துச் சொல்லணும், வற்புறுத்தல் இருக்கக் கூடாது, பணம் கை மாறக் கூடாது. நாடுகள் கூடி இப்படி எழுத வேண்டி வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட எப்படி வாங்கியிருப்பாங்கன்னு பாத்துக்கோங்க. ஆஸ்திரேலியாவுல கல்யாணம் ஆகாத அம்மாக்கள்கிட்ட இருந்து குழந்தைகளைப் பிரிச்சதுக்கு 2013 மார்ச் 21ல பிரதமர் ஜூலியா கில்லார்டு நாட்டு சார்பா மன்னிப்பு கேட்டாங்க. அந்த அம்மாக்கள்லயும் நிறைய பேர் பேப்பர்ல கையெழுத்து போட்டவங்கதான்.

நிஜமாவே யோசிச்சு, இதுதான் பிள்ளைக்கு நல்லதுன்னு முடிவெடுத்துப் போட்டிருந்தாலும் சரி, அழலாம். சரியான முடிவுக்கும் வலி உண்டு.

கேள்வி: பிள்ளை அம்மாவைத் தேடலாம்னு சொல்றாங்க. அம்மா பிள்ளையைத் தேடலாமா? சட்டம் இருக்கா?

பதில்: நாட்டுக்கு நாடு வேற. தத்துப் போன பிள்ளை 17 வயசானா தன்னோட முதல் பிறப்புப் பதிவைப் பாக்கலாம்னு ஸ்காட்லாந்துல 1930லயே சட்டம் வந்துச்சு. இங்கிலாந்து, வேல்ஸ்ல 1975 சட்டத்துக்கு அப்புறம்தான் 18 வயசுல அந்த உரிமை வந்துச்சு. அயர்லாந்துல அது 2022 வரைக்கும் இழுத்துச்சு. இதெல்லாம் பிள்ளைங்க உரிமை. அம்மாக்களை நினைச்சுப் பாத்ததுல முக்கியமானது நியூசிலாந்தோட 1985 சட்டம். 20 வயசான பிள்ளை விவரம் கேக்கலாம், அம்மாவும் கேக்கலாம், ஆனா வளர்ந்த பிள்ளை சரின்னாதான் கொடுப்பாங்க. வேணாம்னு தடை போட்டு வைக்கவும் வழி இருக்கு. இங்கிலாந்துல 2005 கடைசியில இருந்து பெத்த சொந்தங்கள் நேராத் தேடாம, நடுவுல ஒரு ஆளை வெச்சுக் கேட்டுப் பாக்கலாம்னு வந்துச்சு. எனக்கு இதுதான் சரின்னு படுது. வீட்டு வாசல்ல போய் நிக்கறது வேணாம், சோஷியல் மீடியாவுல போட்டோ போட்டு யாருக்காவது தெரியுமான்னு கேக்கறது வேணவே வேணாம், அந்தப் பிள்ளைக்கு தத்துன்னே தெரியாம இருந்தா?

சட்டம் எப்படி இருந்தாலும் உங்க கையில ஒரு வேலை இருக்கு. தத்து நடந்த இடத்துல உங்க ஃபைல் இருக்கும். அதுல ஒரு லெட்டரை வைக்கச் சொல்லிக் கேளுங்க, இப்போ இருக்குற அட்ரஸ், போன், குடும்பத்துல யாருக்கு சுகர், யாருக்கு மார்புப் புற்றுநோய், எந்த வயசுல வந்துச்சு, எல்லாம் எழுதி. வீடு மாறும்போதெல்லாம் மாத்தி எழுதுங்க. நான் ஏழு தடவை வீடு மாறியிருக்கேன், ஏழு தடவையும் எழுதிப் போட்டேன், ஒரு தடவை கூட பதில் வரல, குப்பையிலதான் போடறாங்க போலன்னு நினைச்சேன். என் பொண்ணு வந்தப்ப அவ கையில ஏழு லெட்டரோட ஜெராக்ஸும் இருந்துச்சு.

கேள்வி: என் பையனை 26 வருஷம் கழிச்சு பாத்தேன். முதல் தடவை நாலு மணி நேரம் பேசுனோம், தினம் மெசேஜ், சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது தடவை பாக்கும்போது, என்னை ஒரு தடவை அம்மான்னு கூப்பிடுடா, உன் தம்பி கல்யாணத்துக்கு மூத்தவனா வந்து நில்லுடான்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போனான். அதுக்கப்புறம் மூணு மாசமா போன் எடுக்கல. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சொல்றது சரிதானே அக்கா?

பதில்: இல்ல மா. அந்தப் பழமொழியை உங்க பையன் விஷயத்துல சொல்லாதீங்க.

அவன் உங்களைப் பாக்க வந்தது அவனுக்குள்ள இருக்குற ஒரு கேள்விக்கு பதில் கேட்டு. நீங்க ரெண்டாவது நாளே ஒரு மகனோட வேலையை எடுத்து அவன் கையில கொடுத்துட்டீங்க. கர்ணனைப் பாக்க குந்தி போன கதை நமக்கெல்லாம் தெரியும். ஆத்துல விட்ட பிள்ளை, அரங்கத்துல ஆளா வந்து நின்னப்ப மயங்கி விழுந்தவ. அப்பவும் வாயைத் திறக்கல. கடைசியில யுத்தத்துக்கு முன்னாடி போய் நான்தான் உன் அம்மான்னு சொன்னா, ஆனா போகும்போது மத்த பிள்ளைங்களுக்காக ஒரு வேண்டுதலையும் கையில எடுத்துட்டுப் போனா. அவ பட்ட வேதனை எனக்குப் புரியுது, எல்லாரும் அவளைத் திட்டும்போது எனக்கு வயித்தைப் பிசையும். ஆனாலும் அவன் வாழ்க்கை முழுக்க காத்திருந்த வார்த்தை ஒரு கோரிக்கையோட சேர்ந்து வந்துச்சே. நம்ம ரெண்டு பேரும் அதே தப்பைத்தான் பண்ணியிருக்கோம். ஆமா, நானும்.

என் பொண்ணு மூணாவது தடவை வரும்போது அவளோட சின்ன வயசு ஆல்பத்தைக் கொண்டு வந்தா. எனக்காக வளர்த்த அம்மாகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்திருந்தா. நான் திருப்பிட்டே போறேன், நாலு வயசு போட்டோ ஒண்ணு, முன்பல் ரெண்டு இல்ல, ஒரு சிவப்பு ஸ்வெட்டர், பட்டன் மாத்திப் போட்டிருக்கு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. அந்த பட்டனைப் பாத்ததும் எனக்கு உடைஞ்சுபோச்சு. கழட்டி சரியாப் போட்டு விடணும்னு கை துறுதுறுங்குது, போட்டோ மேல விரலை வெச்சு வெச்சுத் தடவறேன், அழறேன், அழறேன், அரை மணி நேரம் இருக்கும். பக்கத்துல அவ உக்காந்திருக்கா, 28 வயசு, ஆபீஸ்ல லீவு போட்டுட்டு பஸ் ஏறி வந்திருக்கா. கடைசியில மெதுவாச் சொன்னா, "நீங்க அந்தப் பாப்பாவுக்காக அழறீங்க, நான் இங்க இருக்கேன்."

அப்புறம் ரெண்டு மாசம் அவ வரல.

அந்த ரெண்டு மாசத்துல எனக்குப் புரிஞ்சது இதுதான். நான் தொலைச்சது ஒரு குழந்தையை. கிடைச்சது ஒரு பொண்ணு. ரெண்டும் ஒரே ஆள்தான், ஆனா அந்தக் குழந்தை திரும்பி வராது, யார் வந்தாலும் வராது. அவளைக் கட்டிப்பிடிச்சா நான் அந்த அஞ்சு நாள் குழந்தையைத்தான் தேடறேன், பாவம், அவளுக்கு அது தெரியுது. அதனால குழந்தைக்காக அழறதை நான் தனியா அழ ஆரம்பிச்சேன், ஒரு கவுன்சிலர்கிட்ட போய் அழுதேன், என் வீட்டுக்காரர் முன்னாடி அழுதேன். அவ மறுபடி வந்தப்ப அவகிட்ட அவளைப் பத்திக் கேட்டேன். என்ன வேலை, மேனேஜர் எப்படி, எதுக்கு கோவம் வரும், ராத்திரி சீக்கிரம் தூங்குவியா. ஒரு புது மனுஷியைத் தெரிஞ்சுக்கற மாதிரி, ஏன்னா அவ புது மனுஷிதான். பேசிட்டு இருக்கும்போது கட்டை விரல் பின்னாடி வளையுது, எங்க அம்மாவுக்கு வளையற மாதிரி. பாத்தேன், மனசுக்குள்ள வெச்சுக்கிட்டேன், சொல்லல.

உங்க பையனுக்கு ஒரு மெசேஜ் மட்டும் போடுங்க. நான் அவசரப்பட்டுட்டேன், என்னை எப்படி வேணா கூப்பிடு, கூப்பிடாமலும் இரு, கல்யாணத்துக்கு வரணும்னு இல்ல, உனக்கு எப்போ தோணுதோ அப்போ நான் இருக்கேன். அப்புறம் துரத்தாதீங்க. ஆரம்பத்துல சொர்க்கமா இருந்து திடீர்னு ஒருத்தர் பின்வாங்கறது இந்த மாதிரி சந்திப்புல நிறைய பேருக்கு நடக்கறதுதான். வளர்த்தவங்களுக்குத் துரோகம் பண்றோமோன்னு அவனுக்குள்ள ஒண்ணு அரிச்சுட்டு இருக்கும். பிறந்த நாளுக்கு ஒரு வாழ்த்து, வருஷத்துல ரெண்டு மூணு தடவை ஒரு வரி, பதில் எதிர்பாக்காம. என் பொண்ணும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடறா, ஆறு வருஷமா. பழகிடுச்சு.

கேள்வி: நான் பெத்தவ இல்ல, வளர்த்தவ. என் பொண்ணுக்கு 17 வயசு. பெத்த அம்மாவைத் தேடணும்ங்கறா. சரின்னு சொல்லிட்டு பாத்ரூம்ல போய் அழுதேன். நீங்க அந்தப் பக்கத்துல இருந்து சொல்லுங்க, அவ எங்களை விட்டுப் போயிடுவாளா?

பதில்: உங்க லெட்டரைத்தான் கடைசியா எடுத்தேன், ஏன்னா இதுக்கு என்கிட்ட ஒரே ஒரு பதில்தான் இருக்கு.

என் பொண்ணோட அம்மாவை, ஆமா, அவங்கதான் அவளுக்கு அம்மா, ரெண்டாவது வருஷம் பாத்தேன். ரெண்டு பேரும் பயந்துட்டுதான் போனோம். கொஞ்ச நேரம் என்ன பேசறதுன்னு தெரியல. அப்புறம் அவங்க என் பக்கத்துல நகர்ந்து வந்து உக்காந்து, பொண்ணு காதுல விழாத மாதிரி கேட்டாங்க, "பொறந்தவுடனே அழுதாளா? எங்ககிட்ட வரும்போது நாப்பது நாள். அதுக்கு முன்னாடி எதுவும் தெரியாது. யாரைக் கேக்கறதுன்னும் தெரியல."

உடனே அழலன்னு சொன்னேன். நர்ஸ் உள்ளங்கால்ல ரெண்டு தட்டு தட்டுனாங்க, அப்புறம்தான் அழுதா, அதுவும் பூனைக்குட்டி மாதிரி. தலை நிறைய முடி. வலது காது மடங்கி ஒட்டிட்டு இருந்துச்சு, நான்தான் விரலால நிமித்தி விட்டேன், அஞ்சு நாளும். அவங்க கையில ஒரு சின்ன நோட்டு இருந்துச்சு, அதுல முதல் தடுப்பூசி, முதல் பல், முதல் வார்த்தை எல்லாம் தேதியோட எழுதியிருந்தாங்க, முதல் பக்கம் மட்டும் காலியா விட்டிருந்தாங்க, அத்தனை வருஷமா. பேனாவை என் கையில கொடுத்தாங்க.